மக ஊட்டுக்கு ஜெர்மனி போறேனுங்க, பேரனுக்கு மொதச் சோறு என்ன குடுக்கறது?

நம்பியூர் அம்மிச்சி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எம்பட மக ஜெர்மனியில டோர்ட்மண்ட்ல இருக்கறா. பேரனுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறு நடக்குது. நான் வர்ற மாசம் கெளம்பறேன். விசா 90 நாளுக்குத்தான் குடுத்திருக்கறாங்க. அவன் மொத வாய் திங்கறப்ப நான் பக்கத்துல இருக்கோணும்னு மக கணக்குப் பாத்துத்தான் டிக்கெட்டே போட்டிருக்கறா.

நான் பால்வாடியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவளுங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலு மட்டும், தண்ணிகூட வேண்டாம், ஆறு முடிஞ்சதும் இணை உணவு, அதுக்கப்பறமும் ரெண்டு வயசு வரைக்கும் பாலை நிறுத்தாதீங்கன்னு ஊடு ஊடாப் போயிச் சொன்னவ. கஞ்சியைத் தண்ணியா ஊத்திக் குடுத்துட்டு, "ஒரு டம்ளர் குடிச்சுட்டானுங்க டீச்சர்"னு பெருமையாச் சொல்ற அம்மிணிககிட்ட, கரண்டியைச் சாச்சா வழிஞ்சு ஓடப்படாது, அப்படியே நிக்கோணும்னு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! அதனால ஒண்ணுந் தெரியாதவ கேக்கறான்னு நெனச்சுக்காதீங்க. அங்க சொல்றது வேற மாதிரி இருக்குது, அதுதான் கேக்கறேன்.

அங்க பிரசவத்துக்குப் பொறவு ஊட்டுக்கே வந்து பாக்கற மருத்துவச்சி உண்டாமா. ஹெபாமேன்னு பேரு. அந்தம்மா ஒரு அட்டவணை குடுத்திருக்காங்க. மொதல்ல மத்தியானத்துக்கு ஒரே ஒரு காய். கேரட்டு, இல்லாட்டி பாஸ்டினாக்கேன்னு முள்ளங்கி கணக்கா ஒரு வெள்ளைக் கிழங்கு, அவிச்சு மசிச்சு. நாலு நாள் களிச்சு அதுகூட உருளைக்கிழங்கு. அப்பறம் பாத்தா கறி! அதுவும் மாட்டுக்கறி. நாங்க அது திங்கறதில்லீங்க. அட அத உடுங்க, பல்லே மொளைக்காத பையனுக்குக் கறியான்னு எனக்கு ஒரே ரோசனை. அதுக்கு அடுத்த மாசம் ராத்திரிக்குப் பால்ல வேகவெச்ச தானியம், அதுக்கும் அடுத்த மாசம் சாயங்காலம் பழத்தோட தானியம். நாலு மாசம் முடிஞ்சாலே ஆரம்பிக்கலாமுன்னு வேற சொல்லியிருக்காங்க. அம்மா வரட்டும்னு இவதான் பொறுத்திருக்கறா.

அந்தத் தாளை மக போட்டோ புடிச்சு அனுப்புனா. மேலயும் கீழயும் பாத்துட்டேன், அரிசியவே காணோமுங்க. பருப்பு இல்லை. நெய் இல்லை, அதுக்குப் பதிலா ராப்ஸ் எண்ணெய்னு ஒண்ணு.

இன்னொரு சங்கதி. மாப்பிள்ளையோட அம்மா, தாராபுரத்துச் சம்பந்தி, சிவன்மலையில முருகன் சன்னதியில வெச்சு மொதச் சோறு ஊட்டறதா வேண்டுதல் வெச்சிருக்காங்க. அதுக்கு முந்தி வாயில ஒண்ணும் வெக்கப்படாதுங்கறாங்க. இவங்க ஊருக்கு வர்றதே சித்திரையில. அப்பப் பையனுக்கு ஒம்பது மாசம் ஆயிருக்கும். அதுவரைக்கும் வெறும் பாலுல வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குச் சொல்றதுக்குத்தான் வாய் வரமாட்டேங்குது. சம்பந்தி பாருங்க.

நெய் கொண்டுபோலாமுங்களா? ராகி அங்க கெடைக்குமா, இங்கயே மொளைகட்டி அரைச்சு எடுத்துக்கட்டுமா? சத்துமாவு? பருப்பு கடையற மத்து ஒண்ணு பொட்டியில வெச்சிருக்கறேன், மக சிரிக்கறா. அங்க கொழந்தை வளத்தவங்க ஆராச்சும் சொல்லுங்க.


திருப்பூர்க்காரி, டூசல்டார்ஃப்:

வணக்கங்கம்மா. நானும் உங்க மகளுக்குப் பக்கத்தூருதான். எனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்கறா.

மொதல்ல பொட்டியைப் பாத்துரலாம். நெய்யை எடுத்து வெளிய வெச்சுருங்க. ஐரோப்பாவுக்குள்ள பால் சம்பந்தப்பட்டது, கறி சம்பந்தப்பட்டது எதையும் பயணிக இந்தியாவுல இருந்து கையில கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாமே அதுல அடங்கிரும். ஏர்போர்ட்ல புடிச்சாங்கன்னா குப்பையில போடறது நம்ம கண்ணு முன்னாலயேதான். காய், கீரை, மாம்பழம் எல்லாத்துக்கும் சான்றிதழ் வேணும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் இந்த அஞ்சுக்கு மட்டும் விலக்கு இருக்குது. அரைச்ச மாவு, ஒடைச்ச பருப்பு, மஞ்சத்தூளுக்கு எனக்கு இதுவரைக்கும் பிரச்சனை வந்ததில்லை, ஆனா டப்பாவுல என்னன்னு எழுதி ஒட்டிருங்க.

நெய்க்கு வழி இருக்குதுங்க. இங்க உப்பில்லாத வெண்ணெய் எந்தக் கடையிலயும் 250 கிராம் கட்டியாக் கெடைக்கும். தமிழ்க்கடையில ஃப்ரீசர்ல முருங்கைக்கீரை இருக்கும். ஒரு கைப்புடி போட்டு உருக்குனீங்கன்னா ஊடே ஊத்துக்குளி ஆயிரும். கடைசியில வடிகட்டறப்ப அடியில நிக்கற அந்த மொறுமொறுக் கசடைச் சூடான சோத்துல போட்டு நீங்க திங்கலாம், பேரனுக்கு இப்ப வேண்டாம்.

டோர்ட்மண்ட் பக்கம் ஈழத்தமிழர் கடைக நெறைய. அங்க ராகிமாவை குரக்கன் மான்னு கேளுங்க, எடுத்துக் குடுப்பாங்க. ஆனா அது சாதா மாவு. மொளைகட்டுனது வேணும்னா அங்கயே அரைச்சுக் கொண்டாங்க. பொன்னி அரிசி, துவரம்பருப்பு, பச்சப்பருப்பு, பெருங்காயம் எல்லாம் இங்க உண்டு. எதுக்கு கிலோ கணக்குல தூக்கறீங்க? இன்னொண்ணு, ஹிர்சேன்னு கேளுங்க. நம்ம பனிவரகுதான். கொழந்தைகளுக்குன்னே அவலாட்டம் தட்டி மருந்துக்கடை மாதிரி இருக்கற கடைகள்ல பாக்கெட் போட்டு விக்கறாங்க. ஜெர்மன்காரங்களே ராத்திரிக் கஞ்சிக்கு அதைத்தான் போடறாங்க. சிறுதானியம் நம்மூருச் சமாச்சாரம்னு நெனச்சுட்டு வந்து நின்னேன், அவங்க ஷெல்ஃப்ல அதுக்குன்னு தனி வரிசை.

கறி எதுக்குன்னா இரும்புச்சத்துக்குங்கம்மா. பொறக்கறப்ப கொழந்தை ஒடம்புல இருக்கற இருப்பு ஆறு மாசத்தோட தீந்து வரும். தாய்ப்பாலுல இரும்பு கொறைவு. கறியில இருக்கற இரும்பு ஒடம்புல சுலபமா சேரும். மாட்டுக்கறிதான் வேணும்னு ஒண்ணும் இல்லை, ஆட்டுக்கறி, கோழி எதுவும் போடலாம். ஒரு வேளைக்கு 20, 30 கிராம்தான், வேகவெச்சு மையா அரைச்சு காய்கூடக் கலந்துடறது. துருக்கிக்காரர் கறிக்கடையில எளங்கறியாக் கேட்டு வாங்கிக்கலாம். கறியே வேண்டாங்கறவங்களுக்கும் அட்டவணை இருக்குது. அதுல கறிக்குப் பதிலா ஓட்ஸ், கூட ஒரு கரண்டி ஆரஞ்சுச் சாறு. அதுல இருக்கற வைட்டமின் சி சேந்தாத் தானியத்து இரும்பு ஒடம்புல நல்லா ஒட்டும். மறக்காம ஊத்தோணும்.

அரிசி ஏன் இல்லைன்னு கேட்டீங்கல்ல. அரிசியில ஆர்சனிக் இருக்குது. ஐரோப்பாவுல கொழந்தை உணவுக்குப் போற அரிசிக்கு 2016ல இருந்து கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்னு வரம்பு வெச்சிருக்காங்க. அரிசி குடுக்கவே கூடாதுன்னு இல்லைங்க, தினமும் மூணு வேளையும் அரிசியாவே இருக்கக் கூடாது, மாத்தி மாத்திக் குடுங்கங்கறாங்க. நெறையத் தண்ணி வெச்சு வேகவெச்சு வடிச்சாக் கணிசமாக் கொறையும்.

கோயிலுக்கு ஒரு யோசனை. டோர்ட்மண்ட்ல இருந்து ரயில் ஏறுனா அரை மணி நேரத்துக்குள்ள ஹம் வந்துரும். அந்த ஊருக்கு வெளிய ஊன்ட்ராப்ல காமாட்சி அம்மன் கோயில் இருக்குது, ஈழத்தமிழர்கள் கட்டுனது, 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு. ராஜகோபுரம் வெச்ச கோயில்ங்க, பாத்தா ஜெர்மனின்னு சொல்ல மாட்டீங்க. போன் பண்ணிக் கேட்டுட்டுப் போனாச் சோறூட்டு வெச்சுக்கலாம்.

மத்தைக் கட்டாயம் கொண்டாங்க. எங்கூட்ல மிக்ஸியில அடிச்ச பருப்பைப் புள்ளை துப்பறா, கடைஞ்சா திங்கறா. மிக்ஸியும் கொண்டாறதானாக் கொண்டாங்க, இங்கயும் 230 வோல்ட்டுதான், பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேணும்.


கொடுமுடிப் பெருசு:

ஏனம்மிணி, நீங்களே பால்வாடி டீச்சரு, உங்களுக்கு எதுக்கு இந்த ஆராச்சியெல்லாம்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லிவெச்சவங்க என்ன பைத்தியக்காரங்களா? ஆறாவது மாசம் பச்சரிசிச் சோத்தைக் கொழைய வடிச்சு, ஒரு கல்லு உப்பு, பருப்பு, நெய் விட்டுப் பிசைஞ்சு ஊட்டுங்க. வயித்து உப்புசத்துக்குப் பேர் சொல்லாததைச் சுட்டு ஒரசி ரெண்டு சொட்டுத் தேன்ல கொழைச்சு நாக்குல தடவுங்க. எங்க ஆத்தா எங்க எல்லாருக்கும் அப்படித்தான் தடவுச்சு. எனக்கு எழுபது தாண்டிருச்சு, இன்னைக்கும் காவேரியில குளிச்சுட்டு மலையேறிட்டு வர்றேன். கேரட்டுத் தின்னு ஆரு வளந்தா?


ஈரோட்டு நர்ஸ், மான்செஸ்டர்:

அக்கா, நான் ஈரோட்டுல படிச்சுட்டு இங்க குழந்தைகள் வார்டுல வேலை பாக்கறேன். பெரியவர் சொன்னதுல பருப்பும் நெய்யும் நல்லது, அதுல எனக்குச் சண்டை இல்லை. மத்த மூணையும் விட்டுருங்க.

தேன்: ஒரு வயசு முடியற வரைக்கும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், காய்ச்சுனாலும் வேண்டாம். தேன்ல போட்டுலிசம்னு ஒரு வியாதி உண்டாக்கற கிருமியோட வித்து இருக்கலாம். பெரியவங்க குடலுக்கு ஒண்ணும் ஆகாது. சின்னக் குழந்தையோட குடல்ல அது முளைச்சு நஞ்சைச் சுரக்கும், தசையெல்லாம் தளந்து போகும், மூச்சு வரைக்கும் பாதிக்கும். அபூர்வம்தான். ஆனா வந்துட்டா ஐசியூதான்.

உப்பு: ஒரு வயசுக்குள்ள ஒரு நாளைக்கு 1 கிராமுக்கும் குறைவாத்தான் இருக்கணும்னு இங்க அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சொல்லுது. தாய்ப்பால்லயே தேவையானது இருக்கு. சிறுநீரகம் இன்னும் முழுசாத் தேறலை. உப்பு ருசி நமக்குத்தான் பழக்கம், அவனுக்கு எதோட ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு என்ன இருக்கு? சீரகம், மஞ்சள், பெருங்காயம் ஒரு துளி, கறிவேப்பிலை வாசம் எல்லாம் தாராளமாச் சேருங்க. வெல்லம், சர்க்கரை, கருப்பட்டி ஒண்ணும் வேண்டாம்.

வசம்பு (பெரியவர் பேர் சொல்லாததுன்னாரே, அதுதான்): அதுல அசரோன்னு ஒரு பொருள் இருக்கு, மிருகங்கள்ல சோதிச்சப்பப் புற்றுநோய் உண்டாக்குனதால அமெரிக்காவுல உணவுல சேக்கவே தடை. நம்மூர்ல கையில வளையலாக் கட்டற அளவோட நிறுத்திக்கலாம். அதையும் அவன் வாயில வெச்சுக் கடிக்காமப் பாத்துக்கணும்.

வீட்டுச் சத்துமாவு பத்திக் கேட்டிருந்தீங்க. இருபது சாமான் போட்டு அரைச்ச மாவை முதல் வாரத்துலயே குடுத்தா, உடம்புல தடிப்பு வந்தா எதனாலன்னு கண்டுபிடிக்க முடியாது. ஒத்தைத் தானியமா ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணாச் சேத்துட்டு வாங்க. முட்டை, கடலை, கோதுமை, பால், மீன் மாதிரி ஒவ்வாமை வரக்கூடியதைத் தள்ளிப் போட வேண்டாம். முன்னே தள்ளிப்போடச் சொன்னாங்க, இப்ப அது மாறிருச்சு. ஒண்ணு ஒண்ணா, கொஞ்சமா, காலையில குடுங்க. அப்பத்தான் பகல் முழுக்கப் பாக்கலாம்.

கடலைக்காய் விஷயம் சுவாரசியமானது. லண்டன்ல இருக்கற யூதக் குழந்தைகளோட பாத்தா இஸ்ரேல் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை பத்துல ஒரு பங்குதான்னு 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு. இஸ்ரேல்ல முதல் வருஷத்துலயே கடலை போட்ட தின்பண்டம் குடுப்பாங்க. அதை வெச்சு ஒவ்வாமை அபாயம் இருக்கற 640 குழந்தைகளை எடுத்து அஞ்சு வயசு வரைக்கும் பாத்தாங்க. 2015ல முடிவு வந்துச்சு. சின்னதுலயே கடலை தின்னவங்களுக்கு ஒவ்வாமை அஞ்சுல நாலு பங்கு குறைஞ்சிருந்துச்சு. அதனால வறுத்த கடலைக்காயைத் தோல் நீக்கி மையா அரைச்சு ராகியில கலந்து குடுக்கலாம். முழுக் கடலை மட்டும் அஞ்சு வயசு வரைக்கும் கூடாது, தொண்டையில அடைச்சிரும். பேரனுக்குக் கரப்பான் அதிகமா இருந்தாலோ முட்டை ஏற்கெனவே ஒத்துக்காமப் போயிருந்தாலோ, கடலைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.

எப்ப ஆரம்பிக்கறதுன்னா மாசத்தோட பையனையும் பாருங்க. தாங்கலோட உக்காந்து தலை நிக்குதா, பாத்ததைக் கையில எடுத்து வாய்க்குக் கொண்டு போறானா, வாயில வெச்சதை நாக்கால வெளிய தள்ளாம முழுங்கறானா. இந்த மூணும் சேந்து வரணும். ராத்திரி முழிச்சு அழறது, கையைச் சப்பறது எல்லாம் சோத்துக்கான அறிகுறி இல்லை.


நம்பியூர் அம்மிச்சி:

நெம்ப சந்தோசமுங்க. நெய்யை வெளிய எடுத்து வெச்சாச்சு. எங்கூட்டுக்காரருக்கு அதுல ஒரே குசி.

கொடுமுடி அண்ணனுக்கு: கோவிச்சுக்காதீங்கண்ணா. வசம்பு தேன்ல ஒரசி நாக்குல தடவறதை எங்க ஏரியாவுல நிறுத்த வெக்கறதுக்குள்ள எனக்குத் தலைமயிரு நரைச்சுப் போச்சு. நீங்க தப்பிச்சு வந்து மலையேறறீங்க. தப்பிக்காததுக வந்து சொல்லப் போறதில்லையே. உங்களாட்டவே எங்க அப்பாரும் சொல்லுவாரு. ஆனா அவருகூடப் பொறந்ததுல பாதி அஞ்சு வயசு தாண்டலீங்க.

அரிசிக்குத் திருப்பூர் அம்மிணி சொன்னதைப் படிச்சுட்டுச் சிரிச்சுட்டேன். வடிச்சாக் கொறையுமுன்னா எங்கூட்ல எந்நாளும் வடிசோறுதான். குக்கர் பருப்புக்கு மட்டும்.

ராகி மட்டும் இங்கயே செஞ்சு எடுத்துக்கறேன். நான் செய்யறதைச் சொல்றேன், ஆருக்காச்சும் ஆகும். ராகியைக் கல்லு மண்ணு போக அரிச்சு ராத்திரி ஊற வெக்கறது. காலையில தண்ணியச் சுத்தமா வடிச்சு, பழைய வேட்டித்துணியில தளரக் கட்டி, போசியில வெச்சு மேல ஒரு தட்டுக் கவுத்தறது. அப்பப்பத் துணியில தண்ணி தெளிக்கோணும். ஊறிப் போற அளவுக்குத் தெளிச்சா நாத்தம் வந்துரும். ரெண்டாம் நாள் அவுத்துப் பாத்தா ஒவ்வொரு மணிக்கும் வெள்ளையா வேரு உட்டிருக்கும், ஒண்ணோடொண்ணு பின்னிக்கிட்டு அடையா வரும். அதைப் பிரிச்சு உதுத்து வெயில்ல நல்லாக் காயப்போட்டு, மொறத்துல போட்டுத் தேச்சா வேரெல்லாம் உதுந்துரும், பொடைச்சு எடுத்துக்கலாம். மில்லுல காத்தாலயே மொத ஆளாப் போயி நிக்கோணும். நமக்கு முன்னால ஆராச்சும் மொளகா அரைச்சுட்டாங்கன்னா அவ்வளவுதான், மாவெல்லாம் கார நெடி.

இதுல பாதியை வறுத்து அரைப்பேன், கஞ்சி காச்ச. மீதியை வறுக்காம அரைச்சுச் சின்ன டப்பாவுல தனியா வெப்பேன். அது எதுக்குன்னா, கெட்டியாக் காச்சுன கஞ்சியை எறக்கி, சூடு சித்தே தணிஞ்சதும் அந்த வறுக்காத மாவு அரைக்கரண்டி போட்டுக் கலக்குனாப் பாத்துட்டு இருக்கறப்பவே கஞ்சி எளகிரும். மொளையில இருக்கற சத்து மாவுப்பொருளை ஒடைச்சு விடுதுன்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க. தண்ணி ஊத்தி எளக்குனா வயிறு ரொம்பும், சத்துச் சேராது. இப்படி எளக்குனா அதே டம்ளர்ல ரெண்டு பங்கு மாவு உள்ள போயிரும். எளகுனதும் திரும்ப ஒரு கொதி விட்டுத்தான் குடுக்கோணும், மொளைகட்டுன மாவுல கிருமி இருக்கும். வறுத்துட்டா இந்த வித்தை நடக்காது.

எங்க பால்வாடிச் சத்துமாவுல வெல்லம் சேந்தே வரும். கோதுமை, ராகி, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம். எடை கொறைஞ்ச கொழந்தைகளுக்கு அது சரிதானுங்க. இவன் கொழுகொழுன்னு இருக்கறான், அது வேண்டாம். வெல்லமில்லாம, சொன்னாப்பல ஒத்தைத் தானியமாவே போறேன்.

இன்னும் சம்பந்திகிட்டப் பேசலை.


பொள்ளாச்சி அப்பன்:

அம்மா, நான் நெதர்லாந்து. ஆம்பளை சொல்றானேன்னு பாக்காதீங்க, எங்கூட்ல பகல்ல பையனுக்கு ஊட்டறது நான்தான்.

கஞ்சி, மசியலு எல்லாஞ் சரி. இங்க கையில குடுத்துத் தானாத் திங்கவிடற பழக்கமும் நெறைய. உங்க மக அதைக் கேட்டாலும் கேப்பாங்க, நீங்க பதறாம இருக்கறதுக்குச் சொல்றேன். வேகவெச்ச கேரட்டு வெரல் நீளத்துக்கு, ரெண்டு வெரல்ல அமுக்குனா மசியற பதத்துல. பையன் அதைப் புடிச்சு வாயில திணிச்சு, மொகஞ் செவந்து, "ஓக்"குன்னு இழுத்து வெளிய தள்ளுவான். எங்க மாமியார் அதைப் பாத்துட்டு முதுகுல அடிக்கப் பாஞ்சாங்க. சத்தம் வந்தா அது அடைப்பு இல்லீங்க, அவனே சமாளிக்கறான்னு அர்த்தம். சத்தமே வராம, அழுகையும் வராம, ஒதடு நீலமாச்சுன்னாத்தான் அடைப்பு. அதுக்கு என்ன பண்றதுன்னு போறதுக்கு முன்னால ஒருக்காக் கத்துக்கிட்டுப் போங்க. திராட்சையை நீளவாக்குல நாலாக் கீறித்தான் குடுக்கோணும்.

எங்கூட்ல நல்லா எடுபட்டது இட்லிதான். மாவு அரைச்சதும் அவன் பங்கை உப்புப் போடாமத் தனியா எடுத்து வெச்சிருவேன். உப்பில்லாமலும் பொங்கும். இங்க குளிருக்கு மாவு பொங்காது, ஓவனைப் பத்த வெக்காம உள்ள லைட்டை மட்டும் போட்டு ராத்திரி பூரா உள்ள வெச்சா காலையில போசி நெறைய வந்து நிக்கும். ஒருக்கா அதை மறந்து என் பொண்டாட்டி ஓவனை 200ல சூடு பண்ணிட்டா, அந்தக் கதை வேண்டாம்.

சந்தகை புழிஞ்சு தேங்காய்ப்பால் ஊத்திக் குடுங்க, எட்டு மாசத்துக்கு மேல. சர்க்கரை இல்லாம. சும்மா இழை இழையாக் கையில புடிச்சு மேசையெல்லாம் இழுப்பான், கால்வாசி வயித்துக்குப் போகும். கீழ ஒரு பழைய சீலையை விரிச்சுருங்க.


திருப்பூர்க்காரி, டூசல்டார்ஃப்:

சொல்ல மறந்துட்டேன். ஆறாவது ஏழாவது மாசத்துல யூ-5ன்னு ஒரு பரிசோதனை இருக்குதுங்கம்மா, கொழந்தை டாக்டர்கிட்ட. சாப்பாட்டுச் சந்தேகமெல்லாம் அப்பக் கேட்டுக்கலாம். வைட்டமின் டி மாத்திரையோ சொட்டோ தினமும் குடுத்துட்டு இருப்பாங்க, அதை நிறுத்தச் சொல்லிராதீங்க. இளவெயில்ல காட்டுனாப் போதும்னு எங்க அம்மாவும் சொன்னாங்க. இங்க நவம்பர்ல வெயிலுக்கு எங்க போறது?


நம்பியூர் அம்மிச்சி:

சம்பந்திகிட்டப் பேசிட்டேனுங்க. இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது வீண்.

அந்த அட்டவணையைத் திரும்ப எடுத்துப் பாத்துட்டு இருந்தப்பத்தான் தோணுச்சு. அதுல அரிசியே இல்லைன்னு நான் பொலம்புனேன் பாருங்க, அதுவே கைகொடுத்துருச்சு. போன் போட்டு, "ஏனுங் சம்பந்தி, உங்க வேண்டுதல் மொதச் சோறுதானுங்களே? டாக்டரு அங்க ஆறு மாசத்துக்கு மேல வெறும் பாலுல வெக்கப்படாதுங்கறாங்க. காயும் கிழங்கும் ராகிக்கஞ்சியும் மட்டும் குடுத்துட்டு வர்றோம். அரிசிச் சோத்தைக் கண்ணுலயே காட்டாம, சித்திரையில சிவன்மலையில நீங்களே மொத வாய் ஊட்டுங்க"ன்னு கேட்டேன்.

சித்தே நேரம் பேச்சே இல்லை. அப்பறம், "ராகி சோத்துக் கணக்குல வராதுங்களா?"ன்னு கேட்டாங்க. கஞ்சி எப்படிங்க சோறாகும்னேன். இட்லி? அரிசியில்லீங்களா, அதையும் சித்திரைக்கு அப்பறம் பாத்துக்கலாம்னுட்டேன். பொள்ளாச்சித் தம்பி மன்னிச்சுக்கோணும், இட்லியும் சந்தகையும் தள்ளிப் போயிருச்சு. ஹம் கோயிலுக்கும் சும்மா போயிக் கும்பிட்டுட்டு வந்துக்கறோம்.

ஒத்துக்கிட்டாங்க. வெச்சரலாமுன்னு இருக்கறப்ப, "கோயில்ல ஊட்டறதுக்கு முன்னால கறி கிறி குடுத்துராதீங்க"ன்னு ஒரு போடு போட்டாங்க. வேண்டுதலுக்கு நிக்கற பையன், கவுச்சி படப்படாதாமா. சரீன்னுட்டேன். திருப்பூர் அம்மிணி சொன்ன அந்த ஓட்ஸு, ஆரஞ்சுச்சாறு அட்டவணையைத்தான் மககிட்டக் கேக்கச் சொல்லியிருக்கறேன், இரும்புச்சத்தைப் பத்தி யூ-5ல டாக்டரையும் கேக்கச் சொல்லிட்டேன். பச்சப்பருப்பும் கடைஞ்சு குடுக்கலாமுல்ல, அது சோறில்லையே. மத்துக்கு வேலை இருக்குது.

முட்டையைப் பத்தி அவங்களும் ஒண்ணுஞ் சொல்லலை, நானும் கேட்டுக்கலை.

மிக்ஸி பிளக்குக்கு அந்த அடாப்டர் கோயமுத்தூர்ல கெடைக்குமுங்களா, இல்லை அங்க வந்து வாங்கிக்கட்டுமா?


திருப்பூர்க்காரி, டூசல்டார்ஃப்:

அங்கயே வாங்கிருங்கம்மா. இந்தியாவுல பயணத்துக்குன்னு விக்கறாங்க, ஐரோப்பாவுக்குன்னு கேட்டா ரெண்டு உருண்டைக் காலு வெச்சதைக் குடுப்பாங்க. மிக்ஸிக்குத் தாங்கற ஆம்பியர் பாத்து வாங்குங்க, போன் சார்ஜருக்கு விக்கறது உருகிப்போயிரும்.